நாலு காலர் நேரம்

அக்கா தன் புருஷனை இரண்டு முறை அடித்தாள். முதல் அடியைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. அப்போது அவன் இரண்டு கையாலும் என் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான்; என் நாக்கு வெளியே வந்துவிட்டது. வழக்கு முழுக்க இரண்டாவது அடியைப் பற்றியது. சரியாகச் சொன்னால், இரண்டு அடிக்கும் நடுவில் கிடந்த நேரத்தைப் பற்றியது. அது ஒரு கணம் என்றால், உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தாள் என்று விட்டுவிடுவார்கள். மூன்று நிமிடம் என்றால், நின்று நிதானமாக யோசித்துக் கொன்றாள் என்று ஆகும். ஆயுள் தண்டனை.

நான் தத்துவம் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மற்ற பாடங்களில் இடம் இல்லை என்றார்கள், இதில் சேர்ந்தேன். என் ஞான தாகம் அவ்வளவுதான். கடைசி வருடத்தில் ஒரு தாள் முழுக்கக் காலத்தைப் பற்றியது. எண்பத்தொரு மதிப்பெண் வாங்கினேன்.

அந்தத் தாளில் வந்த பெரியவர்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அசைவை எண்ணினால் கிடைக்கிற எண்தான் காலம் என்றார் ஒருவர்; எண்ணுவதற்கு ஆளே இல்லாவிட்டால் காலம் உண்டா என்று சந்தேகமும் பட்டார். நேற்று போய்விட்டது, நாளை வரவில்லை, இந்த நொடிக்கோ அகலமே கிடையாது, ஆகவே நேரம் நீண்டு கிடப்பது மனதுக்குள்தான் என்றார் இன்னொருவர். காலம் வெளியே இல்லை, நாம் பிறக்கும்போதே மாட்டிக்கொண்டு வந்த மூக்குக்கண்ணாடி என்றார் வேறொருவர். ஒவ்வொரு கணமும் எல்லாம் செத்து, அதன் இடத்தில் புதிதாக ஒன்று பிறக்கிறது என்றது ஒரு கூட்டம். நேற்றும் இன்றும் நாளையும் ஒரே தெருவின் வீடுகள் மாதிரி எப்போதும் இருக்கின்றன, நாம்தான் நடந்து போகிறோம் என்றது இன்னொரு கூட்டம். காலமே பொய் என்று நிரூபித்தவரும் உண்டு. நிரூபித்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடப் போயிருப்பார்.

இவர்களில் ஒருவர்கூட, முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் ஸ்டாப்வாட்சோடு நிற்க வேலை செய்தவர் இல்லை. அக்கா பதினோரு வருடம் செய்தாள்.

அவள் ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். மேல் துணி, கீழ்த் துணி, நடுவில் விறைப்புத் துணி. மூன்று பக்கம் தையல், முனையை வெட்டு, உள்ளதை வெளியே திருப்பு, ஓரத்தில் இன்னொரு தையல். நாற்பத்திரண்டு வினாடி. அவள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருமே நேரத்தைக் காலரில்தான் சொல்வார்கள். முட்டை வேகப் பத்து காலர். கழிப்பறைக்குப் போய் வர ஆறு. "பஸ் போயி எவ்வளவு நேரம்டி ஆச்சு?" என்றால் "இப்பதான், ரெண்டு காலர்" என்று பதில் வரும். சட்டைக் கைப்பட்டை தைக்கிற பக்கத்து வரிசைக்காரி தன் கணக்கில் சொன்னால், "உன் கணக்கு எங்களுக்கு ஒத்து வராதுடி, நீ பறக்கிறவ" என்று சிரிப்பார்கள்.

அந்த ஸ்டாப்வாட்ச் பிடித்து நின்றவன்தான் பிறகு அவள் புருஷன் ஆனான். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வினாடி என்று அளந்து அட்டையில் எழுதுவது அவன் வேலை. நான் வாயால் மாமா என்பேன். ஆலையில் அவன் பெயர் டிக்டிக். மூன்று வாரம் அக்காவின் பின்னால் நின்று அளந்துவிட்டு, "இந்த ஃப்ளோர்லயே நீதான் ஃபாஸ்ட்டு" என்றானாம். அவளுக்கு அது காதலாகக் கேட்டிருக்கிறது. அதுவரை அவளை யாரும் பாராட்டியதில்லை, பாவம்.

கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டாப்வாட்ச் வீட்டுக்கும் வந்தது. குளிக்க ஐந்து நிமிடம். சமைக்க முப்பத்தைந்து. கடைக்குப் போய் வர எட்டு. கூடிப்போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஓர் அடி. கோபத்தில் அடிப்பவனிடம் கோபம் ஆறும்வரை ஒதுங்கி நிற்கலாம். இவனுக்குக் கோபமே வராது. அட்டையில் எழுதுகிற அதே முகத்தோடு அடிப்பான். ஒரு முறை அவள் காதுச் சவ்வு கிழிந்தது. ஒரு முறை விலா எலும்பு விரிசல் விட்டது. அக்கம்பக்கத்தார் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்கள். மறுநாள் வீங்கின முகத்தோடு அவள் மெஷினில் உட்காருவாள். காலருக்கு நாற்பத்திரண்டு.

"விட்டுட்டு வாக்கா" என்று நூறு தடவை சொன்னேன்.

"நீ படிச்சு முடி. ஒரு வேலையில உட்காரு. அப்புறம் பார்க்கலாம்" என்பாள்.

எனக்கு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிருந்தேன். இரண்டே அறை. வாசல் அறை, அதற்கு உள்ளே சமையலும் துணி தேய்க்கும் மேசையுமாக இன்னொரு அறை. உள்ளறையிலிருந்து வெளியே வர ஒரே நிலைப்படி. இஸ்திரிப் பெட்டி சூடேறிக்கொண்டிருந்தது. அவன் சட்டைகள் குவிந்து கிடந்தன. அக்கா பால் பாக்கெட்டோடு, நானும் அவனும் இருந்த உள்ளறைக்குள் வந்தாள். அவன் பொத்தானை அழுத்தினான்.

"பதினொண்ணு."

"அந்தக் கடையில பால் தீர்ந்து போச்சுங்க. அடுத்த தெருவுக்குப் போனேன்."

"மூணு நிமிஷம்."

"தங்கச்சி வந்திருக்கா. அப்புறம் வச்சுக்கலாமே."

அவன் என் பக்கம் திரும்பினான். "நீதான் நேரத்தைப் பத்தியே படிச்சவளாச்சே. சொல்லும்மா, போன நிமிஷம் திரும்பி வருமா?"

"வராது மாமா. உங்களுக்குப் புத்தி வராத மாதிரி."

சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு வாய் நீளம். அதற்கான அடியும் அவள்மேல்தான் விழுந்தது. கன்னத்தில் விழுந்த முதல் அறையில் பால் பாக்கெட் உடைந்து தரையெல்லாம் வழிந்தது. இரண்டாவதில் அவள் தலை சுவரில் மோதியது. மூன்றாவது, முஷ்டியால், வாயில். பல் ஒன்று உடைந்து பாலில் விழுந்தது. அவள் சரிந்து உட்கார்ந்தாள். அவன் மறுபடி காலை ஓங்கினான்.

"மூணு ஆச்சு, விடுங்க!" என்று கத்தினேன்.

"இது அவ எந்திரிக்க எடுத்துக்கிற நேரத்துக்கு" என்று சொல்லி, ஸ்டாப்வாட்சை மறுபடி ஓடவிட்டு மிதித்தான். எண்ணி எண்ணி மிதித்தான்.

நான் குழம்புச் சட்டியை எடுத்து அவன் முதுகில் அடித்தேன். அது ஓர் அடியே இல்லை, சட்டிதான் நெளிந்தது. அவன் திரும்பி என்னைச் சுவரோடு வைத்துக் கழுத்தைப் பிடித்தான். நெரிபடும்போது மனிதருக்கு வாழ்க்கை முழுக்கக் கண்முன் ஓடும் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவன் கழுத்திலிருந்து தொங்கிய ஸ்டாப்வாட்ச் என் மோவாயில் இடித்துக்கொண்டிருந்தது. அதுதான் தெரிந்தது. பிறகு அதுவும் மங்கியது.

அக்கா இஸ்திரிப் பெட்டியால் அவன் பின்மண்டையில் அடித்தாள். மயிர் பொசுங்கின நாற்றம் அடித்தது. அவன் கை விட்டது. இரண்டு எட்டு தள்ளாடிப் போய், நிலைப்படியில் முதுகு சாய்த்து, காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்தான். ரத்தம் காதோரமாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. எங்களுக்கு வெளியே போக அந்த ஒரே வழிதான்.

அவன் பேசினான். சத்தம்கூடப் போடவில்லை. "எந்திரிச்சிருவேன். இன்னைக்கு முடியலன்னா நாளைக்கு. நீங்க ரெண்டு பேரும் எப்பவாவது தூங்கித்தானே ஆகணும்?"

அக்கா பெட்டியோடு அவனை நோக்கி நகர்ந்தாள். ஓரடிக்கு மேல் நகர முடியவில்லை. வயர் விறைத்து நின்றது. பிளக் இன்னும் சுவரிலேயே இருந்தது. வாயிலிருந்து ரத்தமும் எச்சிலுமாக ஒழுகியது. பெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, வயரைப் பார்க்கவும் இல்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சுவரோரம் தவழ்ந்து, இருமி, மூச்சு தேடிக்கொண்டிருந்தேன். பிறகு அவன் நிலையைப் பிடித்தான். எழுந்தானா, சரிந்தானா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

வயர் தளர்ந்ததும் அவள் முன்னால் விழுகிற மாதிரி போனாள். பெட்டியின் கூர்முனை அவன் நெற்றிப்பொட்டில் இறங்கியது. எலும்பு உடைகிற சத்தம் சின்னதுதான். அவன் குதிகால் பாலில் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டது. அப்புறம் அடங்கியது.

போலீஸ் வந்தது. நானும் அவளும் தனித்தனி அறையில். இங்கேதான் அந்த வரிசைப் பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறை அக்கா செய்தாள். "முதல் அடிக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?" என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் "உடனே" என்றோ "தெரியல" என்றோ சொல்லியிருப்பார்கள். இவள், உடைந்த பல்லோடு, "நாலு காலர்" என்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ், "அப்படின்னா என்னம்மா?" என்றாள்.

"ஒரு காலர் நாப்பத்திரெண்டு செகண்டு மேடம்."

அந்த அம்மாள் பெருக்கிப் பார்த்து, இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி என்று எழுதிக்கொண்டாள். அக்கா சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள். பிளக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஸ்டாப்வாட்சைப் பையில் போட்டு முத்திரை வைத்தவர்கள் அதை நிறுத்த மறந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்தபோதும் ஓடிக்கொண்டிருந்ததாம். அதிகாரி கடுப்பாகி, "இவன் செத்தும் கணக்கு எடுக்கறான்யா" என்றார்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அறை முழுக்கக் கட்டுக் கட்டாகக் காகிதம், நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா. அக்காவின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு கரெக்டா யாரு சொல்லச் சொன்னா? கொலை பண்ணிட்டு வந்தவளா, ரயில்வே அறிவிப்பா?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீ என்ன படிச்சிருக்க?"

சொன்னேன்.

"அட! பயத்துல நேரம் நீளும்னு உங்க ஆளு எவனாவது சொல்லியிருக்கானா?"

"சொல்லியிருக்காங்க."

"போதும். நீ கூண்டுல ஏறி, உடனே அடிச்சாள்னு சொல்லு. நாலு காலர்னு அவ சொன்னது அவ மனசு நீட்டின நேரம்னு விளக்கு. படிச்ச பொண்ணு சொன்னா ஜட்ஜ் ஐயா கேப்பாரு. வேற ஒண்ணும் பேசாத. உன் வாயைப் பத்திக் கேள்விப்பட்டேன்."

பிளக் விஷயத்தை அவளிடம் சொன்னேன். பிஸ்கட்டை டப்பாவில் திரும்பப் போட்டாள். "இது எனக்குக் காதுல விழல. விழுந்தா ஒருத்திக்குப் பதிலா ரெண்டு பேர். புரியுதா? உன் அக்கா எதுக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கான்னு நினைக்கிற?"

நீதிமன்றத்தில் நன்றாகத்தான் தொடங்கினேன். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்த அறை, மெழுகு பூசிய பழைய மேசை, கைதிக் கூண்டில் அக்கா. கூண்டின் கம்பியைத் தையல் மெஷின் விளிம்பைப் பிடிப்பது மாதிரி பிடித்திருந்தாள். கடிகாரத்தின் நேரம் வேறு, மனம் வாழ்கிற நேரம் வேறு என்றேன். அடிபடுகிறவளின் ஒரு கணம் அவளுக்குள் நிமிடங்களாக விரியும், வெளியே அது கணம்தான் என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வக்கீலம்மா என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சபாஷ் சொன்னாள். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. இருக்கட்டும், அக்கா வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

அரசு வக்கீல் எழுந்தார். "பாடம் ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். எனக்கு ஒரு சந்தேகம். வலி இருந்தா, பயம் இருந்தா மனசுல நேரம் நீளும். அப்படித்தானே?"

"ஆமா."

அவர் ஆலையின் உற்பத்திப் பதிவேட்டை எடுத்தார். இன்னொரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. "இந்தத் தேதியில உங்க அக்காவுக்குக் காதுச் சவ்வு கிழிஞ்சிருக்கு. மறுநாள் ஒரு காலருக்கு நாப்பத்திரெண்டு செகண்டு. இது விலா எலும்பு. மறுநாள் நாப்பத்திரெண்டு. இது ஏழு தையல், புருவத்துல. நாப்பத்திரெண்டு. அளந்ததெல்லாம் செத்துப்போன அந்த மனுஷன் கையெழுத்துலயே இருக்கு. உங்க அக்காவுக்கு எந்த வலியிலயும் நேரம் நீளவே இல்லையேம்மா?"

அறையில் யாரோ சிரித்தார்கள். ஒன்பது வருடம் அவன் அவளை உடைத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அதுவும் அவன் எழுதிய பதிவேட்டோடு சேர்ந்து அவளுக்கு எதிராக வந்து நிற்கிறது.

"ஆக, நாலு காலர்னா நாலு காலர்தான்" என்றார் அவர். "நூத்தி அறுபத்தெட்டு செகண்டு. கீழ விழுந்து கிடக்கிற ஒரு மனுஷன். கையில சூடான பெட்டி. பதட்டம் கிடையாது. ஒரு மெஷின் மாதிரி நின்னு யோசிச்சிருக்காங்க. சொல்லுங்க, என்ன யோசிச்சாங்க?"

மெஷின் என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"யோசிக்கல. வயர் எட்டல."

"என்ன?"

"இஸ்திரிப் பெட்டி வயர் சார். சுவத்துல மாட்டியிருந்துச்சு. அவளால நகர முடியல. யோசிச்சு நின்னாள்னு எழுதாதீங்க. கட்டிப்போட்ட மாதிரி நின்னா. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின அடுத்த நொடி அடிச்சா. நாலு காலர் அவளோடது இல்ல. என்னோடது."

வக்கீலம்மா "ஐயா, சாட்சி பதட்டத்துல..." என்று எழுந்தாள். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "எதற்காகப் பிடுங்கினாய்?" என்று என்னைக் கேட்டார்.

"தூங்கித்தானே ஆகணும்னு சொன்னான் ஐயா. இன்னைக்கு இல்லன்னா நாளைக்குன்னு சொன்னான்."

"நாளைக்குன்னா அது இன்னும் வரவே இல்லையேம்மா" என்றார் அரசு வக்கீல். "வராத ஒண்ணுக்காக ஒரு ஆளைக் கொல்லலாமா? உங்க தத்துவத்துல என்ன சொல்லியிருக்கு?"

"வெளியில இருக்கிறவங்களுக்கு நாளைக்கு வராம இருக்கலாம் சார். அந்த வீட்டுல நாளைக்கு ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும். ஒன்பது வருஷம் அவ அதைப் பார்த்துக்கிட்டேதான் சமைச்சா. சட்டத்துக்கு அந்த ஒரு நொடிதான் கண்ணுக்குத் தெரியும்னா, அந்த நொடியையாவது முழுசா எழுதிக்குங்க. அதுல நானும் இருந்தேன்."

கூண்டிலிருந்து சத்தம் வந்தது. அக்கா குரலை நான் அவ்வளவு உயரத்தில் கேட்டதே இல்லை.

"பொய் சொல்றா ஐயா! நம்பாதீங்க! நான்தான் பிடுங்கினேன்! அவ மயங்கிக் கிடந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது!"

"அக்கா, விடு."

"வாயை மூடுடி நாயே!"

கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். பெண் போலீஸ் பிடித்த கை நழுவியது. சாட்சிக் கூண்டில் ஏறி என் கன்னத்தில் அறைந்தாள். பிறந்ததிலிருந்து என்மேல் கை வைக்காதவள். இரண்டாவது அறையில் என் மூக்கு உடைந்தது. தலைமயிரைப் பிடித்துக் கம்பியில் மோதினாள். மூன்று பேர் சேர்ந்துதான் அவளைப் பிரித்து எடுத்தார்கள்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னையும் சேர்த்து வழக்கை மறுபடி நடத்தினார்கள். யோசித்துச் செய்த கொலை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை இல்லை என்று ஆயிற்று. அவளுக்கு ஐந்து வருடம், எனக்கு மூன்று. கல்லூரி வேலைக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவிடம் நான் அடி வாங்கிய அன்று, சாட்சியாக வந்த என்னையும் பிடித்து, கைதிகளை வைக்கும் பின்னறையில் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் ஈரத்துணியை மூக்கில் வைத்து அண்ணாந்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பெண் போலீஸ் மட்டும், "மறுபடி அடிச்சுக்கிட்டா ரெண்டு பேருக்கும் விழும்" என்றாள்.

"ஆயுள்னு சொல்லியிருப்பாங்கக்கா" என்றேன். "உன்னை மெஷின்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க."

"எழுதட்டுமே. உனக்கென்ன வந்துச்சு?"

"எப்படிக்கா சும்மா நிக்கிறது?"

அவள் திரும்பினாள். என் ரத்தம் அவள் விரல் இடுக்கில் காய்ந்திருந்தது. "அத்தனை வருஷம் அந்த நாய்கிட்ட ஏன் கிடந்தேன்னு நினைச்ச? காலேஜ்ல நீ நின்னு பாடம் நடத்துற மாதிரி ஒரு நாள் வரும்னு. வராத நாளை வச்சுக்கிட்டுதான்டி நான் வாங்கின அடியெல்லாம் வாங்கினேன். நான் உள்ள போனாலும் நீ வெளியில இருப்ப. அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம் இருந்துச்சு."

நான் மூக்கிலிருந்து துணியை எடுத்தேன்.

"அதையும் வந்து எடுத்துட்டியேடி, பாவி" என்று சொல்லி மறுபடி கையை ஓங்கினாள். நான் முகத்தை மறைக்கவில்லை. பெண் போலீஸ் எங்களைப் பார்த்தாள், பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டாள்.